தலைமை குமாஸ்தாவின் ‘இன் ஷார்ட்’

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் இரும்புச் சாமான் இறக்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் தலைமை குமாஸ்தாவுக்கு இங்கிலீஷ் அப்படியொன்றும் வராது. நீண்ட சேதியை முடித்துவைக்கும் சொற்கள் மட்டும் நாக்கு நுனியிலேயே இருக்கும். இன் ஷார்ட், டு சம் அப், இன் எ நட்ஷெல். நட்ஷெல் என்றால் கொட்டையின் ஓடு. மனுஷர் பருப்பைத் தான் தின்றுவிட்டு ஓட்டைத் துரையின் மேஜையில் வைப்பார். துரைக்குத் தமிழ் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

இதை நாங்கள் பெரிய சாமர்த்தியம் என்று மெச்சினோம். நானும் அந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு அசடு.

ஒருநாள் கிடங்கில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து, ஒரு தொழிலாளிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டு அவிழ்க்கும் முன்பே துரை விசாரணைக்கு அழைத்தார். எழுதிக்கொள்ள நான் உட்கார்ந்தேன்.

“மூணு நாளா சொல்லிகினே இருந்தேன் சார். சங்கிலி தேஞ்சு கீது, மாத்துன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். நாளைக்குப் பாக்கலாம்னாரு” என்று தொழிலாளி ஆரம்பித்து, எந்தக் கண்ணி அறுந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதுவரை அரைமணி நேரம் பேசினார். கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

துரை தலைமை குமாஸ்தாவைப் பார்த்தார்.

“இன் ஷார்ட், சார், ஹி வாஸ் கேர்லெஸ்.”

அஜாக்கிரதையாம். மேஸ்திரி தலைமை குமாஸ்தாவுக்கு மைத்துனன் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். நானோ அந்த வரியைத்தான் டைப் அடித்தேன்.

வெளியே வந்ததும் தொழிலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார், நான் அவ்ளோ பேசினேன். அவுரு நாலு வார்த்தை சொன்னாரு. அதுல சங்கிலி எந்த வார்த்தையில வந்துச்சு?”

“வரவில்லை” என்றேன். அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை. “அப்போ நீ எய்தி குடு” என்றார்.

மறுநாள் மத்தியானம் சோறு தின்னாமல் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒன்று விடாமல் இங்கிலீஷில் மூன்று பக்கம் அடித்தேன். இடது கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். மனு துரையிடம் போனது. ஓரத்தில் ‘ஜிஸ்ட் ப்ளீஸ்’ என்று சிவப்புப் பென்சிலில் கிறுக்கி, சாராம்சம் கேட்டு, துரை அதை அனுப்பினார். யாருக்கு? தலைமை குமாஸ்தாவுக்குத்தான். மனுஷர் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. ‘நத்திங் நியூ’, புதிதாக ஒன்றுமில்லை என்று கீழே எழுதி, பேனாவை மூடினார்.

எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே துரையின் அறைக்குள் போனேன். முதல் பத்தியைப் படிக்கத் தொடங்கியதுமே அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன் ஷார்ட்?”

“தி செயின் வாஸ் ராட்டன், சார்.”

சங்கிலி இற்றுப்போயிருந்தது. உண்மையைச் சொல்லவும் நாலைந்து வார்த்தையே போதுமாயிருந்தது. துரை எழுந்து கிடங்குக்கு நடந்தார். மற்றச் சங்கிலிகளையும் பார்த்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் மாறின.

ஆனால் விரல் போனவரை வேலைக்கு எடுக்கவில்லை. மூன்று விரல் இல்லாதவன் கம்பெனிக்கு எதற்கு? மேஸ்திரி மேஸ்திரியாகவே இருந்தான். அவனுடைய அத்திம்பேரான தலைமை குமாஸ்தா பல வருஷம் கழித்து மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார். என்னைப் பழைய காகிதக் கட்டுகள் இருக்கும் அறைக்குத் தள்ளினார்கள்.

தொழிலாளி காத்திவாக்கத்தில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சங்கிலி மாத்திட்டாங்களா?”

“மாத்திட்டாங்க.”

“நல்லது. அங்க இன்னும் எட்டு பேரு கீறாங்க” என்றவர், மறுபடி குனிந்துகொண்டார்.