மொட்டைமாடியில் ஆறடி ஏரி

இன்று எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில், என் ஆறடி ஆயில் பெயிண்டிங்கில் ஒரு வெள்ளை வேட்டி ஒட்டிக்கொண்டது.

ஆயில் பெயிண்ட் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும். உண்மையில் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கீழ் வீட்டு அக்காவுக்கு அது தெரியாது. தண்ணீர்த் தொட்டி ஓரம் சாய்த்து வைத்திருந்த படத்தின் மேல் வேட்டியைக் காயப் போட்டுவிட்டார். எடுத்தபோது நான் வரைந்திருந்த சேக்காடு ஏரி பச்சையாக வேட்டியில் வந்திருந்தது.

"இன்னாடி இது? நோட்டுல வரைஞ்சா ஆவாதா? எதுக்கு இம்மாம் பெர்சு?"

"ஏரி பெர்சா கீதேக்கா."

"வாய் மட்டும் நல்லா கீது. இரு, ஒங்கப்பா வரட்டும்."

அதுதான் பயம். பிளஸ் டூ முடியும் முன் பிரஷ்ஷைத் தொட்டால் எல்லாவற்றையும் குப்பையில் போடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவார்.

போன வருடம் வரை நானும் நோட்டில்தான் வரைந்தேன். அதில் ஏரியில் மிதக்கும் ஆகாயத்தாமரை வெறும் பச்சைப் புள்ளி. ஆறடியில்தான் அது இலை இலையாக வந்தது. இனிமேல் என்னால் சின்னதாக வரைய முடியாது.

அதனால் ஒளித்து வைக்கவில்லை. மாடியிலிருந்து இறக்கி ஹாலில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தியிருக்கிறேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். நான் போர்வைக்குள் இருந்து இதை எழுதுகிறேன்.

யார் வீட்டிலாவது ஆறடிச் சுவர் காலியாக இருந்தால் சொல்லி வையுங்கள். காலையில் தேவைப்படலாம்.