ஆவுலிஸ் துறைமுகத்து மாப்பிள்ளை

கிரேக்க நாட்டில் ஆவுலிஸ் என்று ஒரு பழைய துறைமுகம். போருக்குப் புறப்பட்ட கப்பல்கள் காற்று வீசாமல் அங்கே முடங்கிக் கிடந்தனவாம். படையை நடத்திய அரசன் தன் மகளைப் பலி கொடுத்தால்தான் காற்று வரும் என்று குறி சொன்னார்கள். அரசன் வீட்டுக்கு ஆள் அனுப்பினான்: உனக்குக் கல்யாணம், பெரிய வீரன் மாப்பிள்ளை, உடனே வா. பிள்ளையும் சிரித்த முகமாக வந்து சேர்ந்தாள். கான்வென்டில் இந்தக் கதையைக் கேட்டு நாங்கள் எல்லாரும் அவளுக்காக அழுதோம். அந்த மாப்பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. அவன் பெயரைச் சொல்லித்தான் அவளை வரவழைத்தார்கள்; அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜப்பான்காரன் வந்தான், பள்ளி மூடியது, அந்த மாப்பிள்ளை வேஷம் எனக்கு வந்து வாய்த்தது.

காஜா பெராங்கில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆண் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்று உத்தரவு. போனவர்கள் திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் அண்ணன் போகவேண்டும். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தை இறந்த பிறகு அவர் மகனும் எங்களோடுதான் இருந்தார். எனக்கு முறைமாப்பிள்ளை. மரவள்ளிக்கிழங்குத் தட்டை நான் அவர் முன்னால் வைத்த நேரம் பார்த்து அப்பா சொன்னார்:

"மாப்ள, கொஞ்ச நாள் வேலதான்னு சொல்றானுங்க. நம்ம வீட்டுக்காக நீ போயிட்டு வா. வந்ததும் இவள ஒனக்கே கட்டி வெச்சிடுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து ஊரான செமாபோக்கில் எனக்கு ஏற்கெனவே மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. வயசுப் பெண்ணை ஜப்பான்காரன் கண்ணில் படாமல் கரையேற்ற வேண்டுமே! எல்லாம் கமுக்கமாகப் பேசி முடித்திருந்தார்கள். அத்தானுக்கு மட்டும் தெரியாது.

கதையில் அந்த வீரன் சங்கதி தெரிந்ததும் கொதித்தெழுந்தான். நான் என்ன கிழித்தேன்? இன்னொரு துண்டு கிழங்கு எடுத்து வைத்தேன். வாயைத் திறந்தால் அண்ணன் போகவேண்டும். ஆள் ஏற்ற வந்த லோரியில் அத்தான் ஏறினார். நான் செமாபோக்குக்கு மருமகளாகப் போனேன்.

சண்டை ஓய்ந்த பிறகு அவர் திரும்பி வந்தார். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண். அன்றைக்கென்று நானும் அப்பா வீட்டில் இருந்தேன், இடுப்பில் பிள்ளையோடு. அப்பா பின்பக்கமாக நழுவிவிட்டார். எனக்கு மானம் போயிற்று, தலையே நிமிரவில்லை.

"அத்தான், அப்பா அன்னைக்குச் சொன்னது..."

"பொய்யின்னு அன்னைக்கே தெரியும் புள்ள. ஒன் மூஞ்சியே சொல்லிருச்சு."

"தெரிஞ்சேவா போனீங்க?"

அவர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்.

"போகாதீங்க அத்தான்னு ஒரு வார்த்த சொல்லுவியான்னு பாத்தேன். லோரி கெளம்புற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."