மலையேறாத பால்சுறா

1982 மார்ச் 14, ஞாயிறு. காலை ஒன்பது இருபது. ஜவ்வாது மலையில் இலை அசையவில்லை. அந்த நேரத்துக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. வருஷத்துக்கு வேண்டிய புளி வாங்க வெள்ளையன் வீட்டு வாசலில் நின்றேன். எட்டு வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறேன்.

அன்று இல்லை என்றுவிட்டார். உள்ளே மூலையில் இரண்டு கூடை நிறையப் புளி... கண்ணுக்குத் தெரிகிறதே?

"அது கருவாட்டுக்காரருக்கு எடுத்து வெச்சது சாமி."

விசாரித்தேன். மருமகளுக்குப் பிரசவமாகிப் பதினேழு நாள். மார்பில் பால் இல்லை. ஆட்டுப்பாலில் துணியை நனைத்து வாயில் பிழிந்தார்கள், வயிற்றில் தங்கவில்லை. குழந்தை அழுகையை விட்டுவிட்டு, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாக் கருவாடு சமைத்துப் போடுவது நம் பக்கத்து வழக்கம்தானே? கண்ணமங்கலத்து வியாபாரி ஒருவர் மாசி மாதம் மலையேறி, கருவாடு கொடுத்துப் புளி வாங்கிப் போவார். இந்த வருஷப் புளி அவருக்குத்தான் என்று போன வருஷமே சொல்லி வைத்தாயிற்று. நேற்றோடு மாசி முடிந்தது — ஆளைக் காணோம்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன். பஸ் ரோடு வரை அவளால் நடக்க முடியாதாம். புளியை எனக்கு விற்று, அந்தக் காசில் பால் பவுடராவது வாங்குங்கள் என்றேன்.

"அவரு பஸ்சுக்குக் காசு போட்டுக்கினு வந்து, கூடை காலின்னா இன்னா நெனப்பாரு? சொன்ன சொல்லு இருக்குதுங்களே."

சும்மாவே காசு நீட்டினேன். வாங்கவில்லை. சரி, அந்த மனிதரையே பிடிக்கலாம் என்று மலையிறங்கினேன்.

கருவாட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். கூரைக்குப் புது ஓடு. மெட்ராஸ் துறைமுகத்தில் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் ஐஸ் ரூம் வேலையாம். இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறார்.

"போட்டெல்லாம் இறாலுக்கே ஓடுது சார். சுறா வந்தாலும் அதும் துடுப்பு சூப்புக்குன்னு கப்பலேறுது, மீதி நம்ம வெலைக்குக் கெடைக்கல. அதான் யாவாரத்த உட்டுட்டேன். இப்ப மாசச் சம்பளம். பொண்ணு ஹைஸ்கூல் போவுது."

மலைக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?

"வேற யார்னா குடுத்திருப்பாங்கன்னு இருந்துட்டேன் சார்."

திட்ட வாய் வரவில்லை. இறால் போனால் அந்நியச் செலாவணி, செலாவணி வந்தால் இயந்திரம், இயந்திரம் வந்தால் வேலை — ரேடியோவில் கேட்காத நாளா? பொய்யும் இல்லை. இதோ ஓடு, இதோ சம்பளம், இதோ ஹைஸ்கூல். நாடு வளரத்தான் செய்கிறது. கப்பலேறுகிற பெட்டிகளை எண்ண ஆபீசர் உண்டு. மலையேறாமல் நின்றுபோன கூடையை எண்ண யார் இருக்கிறார்கள்?

காசை மறுத்தவர் டின்னை மறுக்க மாட்டார் என்று பால் பவுடர் ஒன்று வாங்கிக்கொண்டு, மறுநாள் முதல் பஸ் ஏறினேன்.

ஊர்க்கோடியில் வெள்ளையன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தை விடியற்காலையில் போய்விட்டதாம்.

கருவாட்டுக்காரரைப் பார்த்தேன், இனி அவர் வரமாட்டார் என்று மட்டும் சொன்னேன். வெள்ளையன் கழுவுவதை நிறுத்தினார்.

"அவரு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே சாமி? அதத்தான் பயந்துக்கினு இருந்தோம்."

நன்றாக இருக்கிறார் என்றேன்.

டின்னைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு நாலு பஸ் டிக்கெட் — ஆக மொத்தம் இருபத்தொன்பது ரூபாய் நாற்பது பைசா.