வளர்ந்துகொண்டே போன கம்பளி

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் நான் குரோஷா வேலை செய்துகொண்டிருந்தேன். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார்கள். அம்மாவும் போனாள். எனக்கு அந்த மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தலையணை உறைக்கும் டி.வி. மேல் போடும் துணிக்கும் ஓரம் பின்னிக் கொடுத்தேன். நான் நூல் வாங்கும் ஃபேன்ஸி ஸ்டோர்காரர், கேட்கிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டைக் கைகாட்டி விடுவார்.

அப்படித்தான் அந்தப் பெரியம்மா வந்தாள். புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஆடு வளர்க்கிற வீடு என்பது சேலையில் இருந்த வாடையிலேயே தெரிந்தது. பையிலிருந்து மெரூன் நிறக் கம்பளி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். கடையில் வாங்கியது. விலைச்சீட்டைக் கூடப் பிய்க்கவில்லை.

"சுத்தி ஓரம் போட்டுக் குடு தாயி. மவனுக்கு. வடக்க இருக்கான். குளுரும்லா."

எங்கள் பக்கத்துப் பையன்கள் முறுக்குக் கம்பெனிக்கும் மிட்டாய்க் கடைக்கும் வடக்கே போவது வழக்கம். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கம்பளித் துணியில் குரோஷா ஊசி லேசில் இறங்காது. முதலில் தடித்த ஊசியால் சுற்றிலும் உல்லன் நூலைக் கோத்து ஒரு பிடி உண்டாக்க வேண்டும். அந்தப் பிடியிலிருந்துதான் பின்னல் கிளம்பும். மூலைக்கு வந்தால் ஒரே இடத்தில் கூடுதலாகப் பின்ன வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். வெள்ளை நூலில் கிளிஞ்சல் மாதிரி வளைவு வளைவாக முடித்துக் கொடுத்தேன். பெரியம்மா நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகப் போனாள்.

சில மாதம் கழித்து அதே கம்பளியோடு வந்தாள்.

"பத்தலை தாயி. காலு வெளிய நிக்குது. இன்னும் கொஞ்சம் இறக்கிப் போடு."

விரித்துப் பார்த்தேன். தலைமாட்டில் எண்ணெய்க் கறை. கால்மாட்டில் என் வெள்ளைக் கிளிஞ்சல்களுக்குள் கரிசல் மண் அப்பியிருந்தது. மகன் லீவுக்கு வந்திருப்பான், கால் கழுவாமல் படுக்கிறவன் போல என்று நினைத்துக்கொண்டு துவைத்துக் காயப்போட்டேன். அதன் பிறகு கால்மாட்டில் மட்டும் பல வரிசை சேர்த்துப் பின்னினேன்.

அடுத்த வருடமும் வந்தாள். மறுபடியும் கால்மாட்டில் மண்.

"வளந்துட்டாம்லா" என்றாள்.

"அண்ணனுக்கு எத்தனை வயசு பெரியம்மா?"

"உன் வயசுதான்."

"இந்த வயசுலயுமா வளருதாக?"

"ஆம்பளப் பிள்ளைய மெதுவாத்தான வளரும்" என்றாள். அதில் கேலி எதுவும் இல்லை.

அந்தத் தடவை சொன்ன நாளில் வாங்க வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயில் கண்ட ஒருநாள் மத்தியானம் நானே பஸ் ஏறிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் கரிசல் அப்பிக் கனத்தது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லாரும் காட்டில் இருந்தார்கள்.

பெரியம்மாவின் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கம்பளியைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கூட்டிப்போனார். சுவரோரம் ஒரு கயிற்றுக் கட்டில், அதில் தலையணை. கட்டிலை இடித்துவிடாமல் ஒதுங்கி நடந்துபோய்த் தண்ணீர் மோந்து தந்தார்.

"பெரியம்மா எங்க பெரியப்பா?" என்றேன்.

"மெதுவா பேசு தாயி."

"உறங்குதாகளா?"

"அவ தண்ணிக்குப் போயிருக்கா" என்றார்.

கட்டிலைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. ஆனால் தலையணை நடுவில் பள்ளமாக இருந்தது.

வெளியே வந்த பிறகுதான் சொன்னார். ஒரே மகன். ஏழு வயசில், பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளில், ஆடுகளைப் பத்திக்கொண்டு வடக்கே ஓடைப் பக்கம் போனான்.

"சாயங்காலம் ஆடு அம்புட்டும் வந்துட்டு. ஒண்ணு குறையலை. இவந்தான் வரலை. உடமுள்ளுக் காட்டுக்குள்ள தேடாத இடமில்ல. கெணறு கெணறா ஆளை இறக்கிப் பாத்தோம். ஒரு துணி கூடக் கெடைக்கலை. அவளுக்கு அவன் அங்கனயேதான் இருக்கான். ராத்திரி வந்து படுத்துட்டு விடியங்காட்டியும் போயிருதானாம்."

அந்தக் கால்மாட்டு மண்ணைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்து நிலைவாசலைக் காட்டினார். உயரம் குறித்துக் கரியால் இழுத்த கோடுகள். என் இடுப்பளவு வரைக்கும் மங்கிப்போனவை. அதற்கு மேலேயும் ஏறிக்கொண்டே போயின. சில கோடுகள் நெருங்கியிருந்தன, சில ஒரே எட்டாகத் தாவியிருந்தன. பிள்ளைகள் அப்படித்தானே வளரும். கடைசிக் கோடு என் தலைக்கும் மேலே இருந்தது. அதைப் போட பெரியம்மாவுக்குக் கை எட்டாது.

"கீழ உள்ளது நான் போட்டது. மேல உள்ளதை நான் போடலை. அவளும் போடலைங்கா."

கம்பளியைக் கட்டிலில் விரித்துவிட்டுப் போகச் சொன்னார். விரித்தேன். நானும் கட்டிலை இடிக்காமல்தான் நடந்து வந்தேன். வாசலில் "போயிட்டு வாரேன்" என்றபோது என் முகம் அவர் பக்கம் இல்லை, உள்ளே திரும்பியிருந்தது.

தை பிறந்து பெரியம்மா வந்தாள். கையில் கம்பளி இல்லை.

"வளத்தி நின்னுட்டு தாயி. இனிமே ஓரம் வேண்டாம். நீ நேர்ல வந்து போத்தி விட்டது அவனுக்குப் பிடிச்சுப்போச்சு."

"சரி பெரியம்மா" என்றேன்.

என் கன்னத்தைத் தொட்டாள். "இனி பெரியம்மாங்காத. அத்தைன்னு கூப்பிடு."

அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு" என்றாள். அப்படி எதுவும் முடிந்திருக்கவில்லை. பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "அவங்கிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவளாகவே எழுந்து போனாள்.

அம்மா அன்றைக்கே தரகரைப் பார்க்கப் போனாள். நான் அதன் பிறகு கம்பளிக்கு ஓரம் போட ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியான நேரம் வீட்டில் தனியாக இருந்தால், மழை பெய்யாத நாளில் கூட வாசற்படியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வருடம் சிவகாசிப் பக்கம் எனக்குச் சம்பந்தம் அமைந்தது. நாங்கள் பத்திரிகை அனுப்பாமலேயே கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தார். நூல் கடையில் கேள்விப்பட்டாராம். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அவ வரலை. உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. அவன் கோவிச்சுக்கிடலையாம்."

கழுத்தில் கிடந்த மாலைக்குள் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கியதும் அப்போதுதான்.

"சாப்பிட்டுட்டுப் போங்க பெரியப்பா" என்றேன்.

பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவர், மண்டபத்து வாசலில் யாரையோ முன்னால் போகவிடுவது போலச் சற்று ஒதுங்கி நின்றார். அப்புறம் படியிறங்கிப் போனார்.