டங்குன்னா நல்லது, டொக்குன்னா ரிஜெக்ட்டு

கூட்டம் சேர்ப்பது சுலபம். சேர்ந்த கூட்டத்தை நாற்காலியில் ஒட்டவைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு. புரியாத நிகழ்ச்சியின் நடுவரிசையில் மாட்டிக்கொண்டு கொட்டாவியை விழுங்கிய அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் லீவில் எனக்கு இந்த உத்தியோகத்தைக் கொடுத்தது அத்தை மகள் தேன்மொழி அக்கா. பாண்டிச்சேரியில் ஓவியம் படித்துவிட்டு, மேடையில் படம், ஓசை, பீங்கான் எல்லாவற்றையும் கலந்து என்னவோ செய்கிறவள். அவள் அப்பா, அதாவது என் மாமா, விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் நெருப்புப் பார்ப்பவர். பி.எட். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நம்மூர்ல ஒரு தடவ காட்டு. கடைசி வரைக்கும் பாதிப் பேராச்சும் உக்காந்திருந்தா உன் இஷ்டம். எழுந்து போயிட்டாங்கன்னா இதுல கையெழுத்துப் போடு."

பல்லூ...

அக்கா எழுதிக் கொடுத்த தாளில் 'பல்லூடகப் பரிசோதனை நிகழ்கலை, அனுமதி இலவசம்' என்றிருந்தது. பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாளரின் கரகரக் குரல், தேர்தல் பேச்சாளர் குரல், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் என்று மாற்றி மாற்றி ஆட்டோ மைக்கில் கத்திப் பார்த்தேன். கடைவீதியில் ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. அதனால் 'பல்லூ' என்று இழுத்து, மூச்சு வாங்கி, 'பரிசோதனை' என்றேன். 'டக'வை ஆட்டோ சத்தம் தின்றுவிட்டது. 'நிகழ்கலை'யை நானே தின்றுவிட்டேன்.

சாயங்காலம் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. நல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் அக்காவின் கறுப்பு உடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "டாக்டரம்மா கறுப்புக் கோட்டா போட்டுக்குவாங்க? கடவாப்பல்லு பாப்பா, புடுங்குனா ரொம்ப வலிக்குமா?"

பத்து நிமிடப் புள்ளி

விளக்கு அணைந்தது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொசுக்கூட்டம்போலத் துடித்தன, ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்'. மண் பிறக்கும் காட்சி அது என்று அக்கா எனக்கு மூன்று நாள் விளக்கியிருந்தாள். பத்து நிமிடம் அதே புள்ளி, அதே உஸ். கடைசி வரிசையில் மாமா, பி.எட். தாளைச் சட்டைப் பையில் தடவிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார்.

மூன்றாவது வரிசை காலால் செருப்பைத் துழாவ ஆரம்பித்ததும் எனக்குப் பகீரென்றது. இருட்டில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலை எடுத்து, "உட்காருங்கள்! நடுவில் எழுந்தால் டி.சி.தான்!" என்றேன். அவரிடம் படித்த பாதி ஊர் டபக்கென்று உட்கார்ந்தது. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் பொறுக்க முடியாமல் எழுந்து நின்றார்: "யாராச்சும் பின்னால போயி கேபிள் ஒயர கொஞ்சம் ஆட்டி வுடுங்கப்பா, படம் தெளிஞ்சிரும்!"

கரண்ட்டு

அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டு போனது. படமில்லை, ஓசையில்லை, அக்காகூடத் தெரியவில்லை. ஜெனரேட்டர் ஓடும்வரை கூட்டம் அசையாமல் பார்த்தது. வெளிச்சம் வந்ததும் கைதட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் நிம்மதியாகச் சொன்னார்: "இந்த சீன்தாங்க நமக்குப் புரிஞ்சுது."

நாற்பது கோப்பை

கடைசிக் கட்டம். அக்கா நாற்பது பீங்கான் கோப்பைகளைப் பரப்பி, மைக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சுண்டினாள். டங். டங். 'மண்ணின் தனிமை' என்று பெயர். ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் பீங்கான் கம்பெனி ஆட்கள். சுண்டிப் பார்த்துச் சரக்குப் பிரிப்பது அவர்களுக்குத் தினப்படி வேலை. ஏழாவது கோப்பை 'டொக்' என்றது. அக்கா அதையும் மற்றவற்றோடு வைத்தாளோ இல்லையோ, முப்பது வருஷமாகச் சரக்குப் பிரிக்கும் செல்வியம்மா எழுந்துவிட்டார்: "ஏம்மா, அதுல விரிசல் இருக்குது! தனியா வை!"

அடுத்த டங்குக்கு நாலு பேர் "நல்லது!" என்றார்கள். அடுத்த டொக்குக்கு மண்டபமே "ரிஜெக்ட்டு!" என்றது. அக்கா திகைத்து நின்றாள். தனிமை போயே போச்சு. பிறகு ஒரு முடிவோடு, வலப்பக்கம் நல்லது, இடப்பக்கம் ரிஜெக்ட்டு என்று அடுக்க ஆரம்பித்தாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பின்வரிசை முன்வரிசைக்கு வந்துவிட்டது.

கடைசிக் கோப்பை டங்கும் சொல்லவில்லை, டொக்கும் சொல்லவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அப்போதுதான் மாமா எழுந்தார். நேராக மேடையேறி, கோப்பையை வாங்கி, காதோரம் வைத்துச் சுண்டினார். "நல்ல சரக்குதான். வேக்காடு பத்தல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அக்காவிடம் ரகசியமாகப் பேசுவதாக நினைத்து மைக்கிலேயே சொன்னார்: "அடுத்த ஊருக்கு இந்த மாதிரி கடைச் சரக்க வாங்கிக்கினு போவாத தேனு, நானே நல்லா வெந்ததாப் பாத்து எடுத்தாரேன்."

எங்கள் ஊருக்கு நவீனக் கலை புரிந்ததா என்று கேட்பவர்களுக்கு விமர்சனம் இவ்வளவுதான்: முப்பத்தொன்று நல்லது, எட்டு ரிஜெக்ட்டு, ஒன்று இன்னும் கொஞ்சம் வேக வேண்டும்.