கண்ணாடியின் பின்பக்கம்

என் கையால் போன கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. வளைகுடா நாட்டில், அல் குசைஸ் பகுதியில், படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறையில் வேலை. சட்டத்தில் ஏற்றுமுன் கண்ணாடியை இரண்டு பக்கமும் பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம், கை என்னைக் கேட்காமலே துடைக்கும்.

எங்கள் பட்டறைக் காவலாளி செனகல்காரர். எங்களுக்குள் அரைகுறை இந்திதான். வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை வாங்கிப்போய்ப் படம் வரைவார். அவர்கள் ஊர் முறையில் கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கம் பார்க்க வேண்டும். அதனால் எல்லாமே தலைகீழ். கண்மணியில் வைக்கும் வெள்ளைப் புள்ளிதான் முதலில். அப்புறம் கண், முகம், சட்டை. பின்னணி கடைசியில்.

"என்ன பாய், கூரையப் போட்டுட்டு அஸ்திவாரம் தோண்டுறீங்களா?" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

அவருடைய தம்பி ஸ்பெயினுக்கென்று படகு ஏறியவன். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் போட்டோ எல்லாம் அவன் கொண்டுபோன போனிலேயே இருந்தன. சுவரில் மாட்ட மகன் முகம் வேண்டும் என்று ஊரில் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் நினைவிலிருந்தே மூன்று வாரம் வரைந்தார். பின்னணிக்கு மட்டும் நாள் கணக்கில் யோசித்தார்.

"நீலம் வேணாம் பாய். அம்மாவுக்குக் கடல் ஞாபகம் வரும்" என்று மஞ்சள் பூசினார்.

மறுநாள் மாலை ஊருக்குப் பறக்கும் நண்பர் கையில் அதைக் கொடுத்தனுப்ப ஏற்பாடு. அன்று மதியம் சட்டம் போட என்னிடம் தந்தார். இருப்பதிலேயே நல்ல சட்டமாகத் தேடி எடுத்தேன். முன்பக்கம் துடைத்தேன். தம்பி பளிச்சென்று என்னைப் பார்த்தான். திருப்பினேன். வாசலில் யாரோ ஏதோ விசாரித்தார்கள். பதில் சொல்லிக்கொண்டே துடைத்தேன்.

துணி முழுக்க மஞ்சளாகிக் கறுத்தபோதுதான் குனிந்து பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் என் மேசைப் பலகை தெரிந்தது. பாவி, அவ்வளவு சுத்தமாக நான் எதையும் துடைத்ததில்லை. அவரைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினேன். அவரே வந்து நின்றார்.

"இன்னொண்ணு வரைஞ்சிடலாம் பாய், நான் கண்ணாடி வெட்டித் தர்றேன்" என்று உளறினேன்.

"கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு. வரைய வரைய அவன் முகம் மறந்துபோச்சு. கடைசில இந்தப் படத்தப் பாத்துத்தான் அவன ஞாபகம் வச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையிலிருந்த துணியை வாங்கி, ஈரம் உள்ளே இருக்கும்படி மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார்.