ஒரு வாரத்துக்கு வந்த கிரேஹவுண்ட்

2006-ஆம் வருடம், முழுப் பரீட்சை லீவு. அப்போது நாங்கள் திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகள், ஆறாவது முடித்திருந்தாள்.

கணவரின் மேனேஜர் குடும்பத்தோடு வெளிநாடு போகவிருந்தார். தன்னுடைய கிரேஹவுண்ட் நாயை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அப்பாவுக்கும் மகளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் வீடே ஒன்றரை அறை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் பகலில் வீட்டில் யார் இருப்பது? கேட்டேன்.

"ஒரு வாரம் வெச்சுப் பாக்கலாம். ஒத்து வரலீன்னா குடுத்தரலாம். சாம்பிள் பீஸ்னு நெனச்சுக்கோ" என்றார் கணவர். மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நானும் சரி என்றுவிட்டேன்.

வந்தது. காற்றாய்ப் பறக்கும் என்றார்கள். அதுவோ எங்கள் ஒரே கட்டிலில் ஏறி நாளெல்லாம் தூங்கியது. உடம்பு சரியில்லையோ என்று கம்பெனியிலிருந்து மகளுக்கு மூன்று தடவை போன் செய்தேன். போதாததற்குப் பக்கத்து வீட்டம்மா, "ஏனுங்க, சோறே போடறதில்லீங்களா? எலும்ப எண்ணிப்போடலாமாட்ட இருக்குது!" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அந்த நாயின் உடல்வாகே அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்தால்தானே!

அதன் கழுத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு தோல் பட்டை இருந்தது. இழுத்தால் இறுகும். பாவம், வாயில்லா ஜீவனை இப்படியா வதைப்பது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை இரண்டாக மடித்து, உள்ளே எலாஸ்டிக் கொடுத்து, மெத்தென்று ஒரு பட்டை தைத்து மாட்டினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை, கம்பெனி வேன்கள் ஆளேற்றிக்கொண்டு பறக்கும் நேரம். மகள் நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பத்தடி பின்னால். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேஸ்ட் துணி மூட்டை மேலிருந்து ஒரு பூனை குதித்தது. நாய் ஒரே பாய்ச்சல். நான் தைத்த பட்டை ரப்பராய் விரிந்து, தலை வழியாக உருவிக்கொண்டு கயிற்றோடு மகள் கையிலேயே தங்கிவிட்டது. நாய் ரோட்டைத் தாண்டிவிட்டது. அதன் பின்னாலேயே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாராமல், என் மகளும் ஓடினாள்.

வேன் கிறீச்சிட்டு நின்றது. மகள் பம்பருக்கு முன்னால் கீழே கிடந்தாள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். நான் ஓடிப் போய் முதலில் செய்தது, அவளை ஓங்கி ஓர் அறை அறைந்ததுதான். அப்புறம்தான் அணைத்துக்கொண்டேன்.

"ஏனுங்கக்கா, புள்ளைய ரோட்டுல உட்டுப்போட்டு வேடிக்க பாக்கறீங்களா?" என்று டிரைவர் கத்தினார். வேனிலிருந்து இறங்கிய தெற்கத்திப் பெண் ஒருத்தி, சுவரில் ஏறிவிட்ட பூனையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நாயைத் தன் துப்பட்டாவைப் போட்டுப் பிடித்து வந்தாள். "நாய் எங்கயும் போவாதுக்கா. மொதல்ல பிள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். பட்டை கதையைக் கேட்டு மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்குத் தலையவிடக் கழுத்து பெருசுங்க. சாதாப் பட்டை நிக்காது. அதுக்குத்தானுங்க அந்தத் தோல் பட்டை. கட்டிங் மாஸ்டர்கிட்டச் சொல்லித்தானுங்களே உட்டேன்?"

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேனேஜர் வீட்டு மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நாய் என்ன தப்பு செய்தது என்று அழுதாள். அது ஒரு தப்பும் செய்யவில்லைதான். பூனையைக் கண்டால் ஓடத்தான் அது பிறந்திருக்கிறது. அதை வளர்க்க எங்களுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை, விவரமும் இல்லை. இது எனக்கு முதல் நாளே தெரியும். 'முடியாது' என்று சொன்னால் பிள்ளை என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயத்துக்கு என் பிள்ளையையே விலையாகக் கொடுக்க இருந்தேன்.